இல்லாத குளத்துக்கு மூடி

முழங்கை வரை ஏறிய ரப்பர் கையுறைகள் குப்பைப் பைக்குள் இறங்கின. முதலில் வந்தது ஒரு வாழையிலைக் கட்டு. தமாலெக் கொழுக்கட்டை அவித்த இலை, சோளமாவு இன்னும் ஒட்டியிருந்தது. கைகள் அதை இடப்பக்கம் வைத்தன. அடுத்து, காபி வடிகட்டியே நிறம் மாறிப்போன துணிப்பை, அதுவும் இடப்பக்கம். பிளாஸ்டிக் உறைகள், உடைந்த வாளிப் பிடி, யாரோ தனியாகத் தின்றுவிட்டு ஒளித்துவைத்த கேக்கின் டப்பா, எல்லாம் வலப்பக்கம். காபிக்கொட்டை உலர்த்தும் அகன்ற சிமெண்டுக் களத்தில், கூப்பேநியெப்லா கூட்டுறவு ஆலையின் ஒரு வாரக் குப்பை இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குவியலையும் கைகள் ஒரு கொக்கித் தராசில் மாட்டின. முள் ஆடி ஓயும்வரை அவசரப்படாமல் காத்திருந்தன.

பையின் அடியில் கைகள் நின்றன. எதையோ தடவிப் பார்த்தன. மெல்ல மேலே கொண்டுவந்தன. ரம்பத்தால் அறுத்தெடுத்த ஓர் உலோகத் துண்டு. தொப்பி மாதிரி வளைந்து, உச்சியில் ஒரு வால்வோடு இருந்தது.

"இது யார் தலையிலேர்ந்து விழுந்த தொப்பி?" என்று கைகளுக்குச் சொந்தக்காரி கேட்டாள்.

சுற்றி நின்ற ஆலைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மலையைப் பார்த்தார்கள். மலை வழக்கம்போல மேகத்துக்குள் இருந்தது.

ஸீனியா உமாஞாவுக்கு வேலை, நிறுவனங்களின் புகையை எடைபோடுவது. ஓர் ஆலையோ, ஆஸ்பத்திரியோ, பஸ் கம்பெனியோ வருடம் முழுக்கக் காற்றில் எவ்வளவு கரியைக் கலக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வாள். எங்கே குறைக்கலாம் என்றும் சொல்வாள். அதற்குத்தான் யாரும் காது கொடுப்பதில்லை. பள்ளத்தாக்கில் அவளுக்குப் பெயர் புகைக்காரி. அந்தப் பெயரில் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பாள். இன்ஜினியர் என்று கூப்பிட்டால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பாள். இளமையில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவள். ஊற்றும் எண்ணெய்க்கும் வெளுக்கும் துணிக்கும் கணக்கு உதைக்கிறதே என்ற எரிச்சலில் குழாய்களைத் தடவிக்கொண்டு போனாள். மூன்றாவது சுவருக்கு அப்பால், ஒரு டாக்டரின் சொந்தக் குளியல் தொட்டியில் போய் நின்றாள். அன்றிலிருந்து இதே வேலைதான்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முகமன் சொல்வதற்கு முன்பே ஃபிரிட்ஜின் முதுகில் கையை வைத்துவிடுவாள். பிறகுதான் வீட்டுக்காரிக்குக் கை நீட்டுவாள். நிற்கிற கார்களின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் உண்டு. "நான் சைக்கிள்லதான் வர்றேன்" என்று சொன்ன ஒரு வங்கி மேலாளரிடம், "உங்க சைக்கிளுக்கு ஜுரம் அடிக்குது, நிழல்ல விடுங்க" என்று அவருடைய காரைக் காட்டிச் சொன்னவள்.

டன் என்று சொன்னால் யார் கண்ணிலும் ஒன்றும் தெரிவதில்லை. அதனால் அவள் மாட்டில் சொல்வாள். ஒரு மாடு வருடம் முழுக்க விடும் ஏப்பம்தான் அவளுடைய படி, மரக்கால் எல்லாம். "உங்க ஜெனரேட்டர் ரெண்டு மாடு. அடுப்பு ஒரு கன்னுக்குட்டி." புனித வாரத்தில் கோயில் ஒலிபெருக்கிக்கு ஓடும் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டுப் பாதிரியாரிடம், "ஃபாதர், உங்க பாட்டுக் குழுவில நாலு மாடு இருக்கு" என்றாள். அவருக்கு அந்த வருட ஆராதனை முழுக்க மாட்டு ஞாபகம்தான்.

கூப்பேநியெப்லாவுக்கு அவள் வந்த அன்று காலையிலிருந்தே ஆலையில் ஒரு பத்தியம் நடந்துகொண்டிருந்தது. புகை அளக்க ஆள் வருகிறாள் என்று உலர்த்தும் உலைகளை அணைத்திருந்தார்கள். லாரிகளைத் தோப்புக்குள் தள்ளி, மேலே வாழைமட்டை போட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் எல்லாரும் நடந்தே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டில் ஓதிலி அடுப்பே பற்றவைக்கவில்லை. முந்தின நாள் சோறும் கறுப்பு அவரையும் தட்டில் விறைத்துக் கிடந்தன.

ஸீனியா தட்டைப் பார்த்தாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள்.

"ரத்தம் குடுக்கப் போறவங்க மாதிரி வெறும் வயித்தோட நிக்கிறீங்களே. நான் கேக்க வந்தது வருஷம் பூரா நீங்க தின்னதை. இன்னிக்கு ஒருநாள் விரதம் இருந்து என்னையும் காயப் போடாதீங்க."

"அப்போ அடுப்பைப் பத்தவைக்கலாமா, தங்கம்?" என்றாள் ஓதிலி. அவளுக்கு எல்லாருமே தங்கம்தான்.

"பத்தவைங்க. சோத்தை நல்லா பிரட்டுங்க. அந்தப் புகையை என் பேர்ல எழுதிக்கிறேன்."

எழுதிக்கொள்வாள், விளையாட்டில்லை. வந்த பஸ், குடித்த காபி, சுடவைத்த சோறு எல்லாம் அவளுடைய கணக்கில் ஏறும். அளக்கிறவளும் மூச்சு விடுகிறாள்தானே என்பாள்.

இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் தோன் எலியேசெர். கூட்டுறவின் தலைவர், அறுபது தாண்டியவர், வெள்ளைத் தொப்பிக்காரர். சனிக்கிழமை உறுப்பினர் கூட்டம் என்பதால் அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. போன வருடம் ஆலையின் புகைக் கணக்கை அவரே உட்கார்ந்து போட்டார். ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் கூட்டுறவைவிடக் குறைவாகக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு விதி தெரியாது. காட்டினார். ஆலை மண்டபத்தில் ஒரு பேனர் ஏறியது: "பள்ளத்தாக்கிலேயே மிகச் சிறிய கார்பன் தடம்". பக்கத்தில் அவருடைய முகம், தொப்பியோடு. அந்தச் சந்தோஷத்திலேயே உறுப்பினர்களிடம் ஒரு பெரிய காரியத்துக்குச் சம்மதமும் வாங்கினார். அறுவடை லாபத்தைப் பங்கு பிரிக்காமல், காபிப்பழம் கழுவிய அழுக்குத் தண்ணீர் தேங்கும் குளத்துக்குத் தார்ப்பாய் மூடி போட்டு, அதில் பொங்கும் வாயுவைக் குழாய் வழியாக உலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். முனகியவர்களைப் பார்த்து, "அடுத்த வருஷம் எண் இறங்கலேன்னா நான் இறங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் பசுமை முத்திரை வேண்டுமானால் இந்த முறை வெளியாள் அளக்க வேண்டும் என்பது விதி. அந்த வெளியாள்தான் இப்போது உலோகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, போன வருஷக் கணக்குல குளிர்வாயு கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க."

"கிடையாதே."

"சரி." அவள் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே ஆலை வாசலைப் பார்த்தாள். வாசலின் இரு பக்கமும் செக்கச்செவேலென்று ஜெரேனியம் பூத்துக் குலுங்கியது. ஒரே அளவில், ஒரே வெளிர்பச்சை நிறத்தில், உருண்டையான உலோகத் தொட்டிகள். அவள் நடந்து போய் ஒரு தொட்டியின் விளிம்பில் தொப்பியை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓதிலிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் அறுக்கச் சொன்னேன், தங்கம். ஆலைக் கடையில குளிர் அறை இருந்துச்சுல்ல, பழசு, வாயு ஒழுகிக்கிட்டே இருக்கும், திரும்ப அடைக்க வர்றவன் ஒவ்வொரு தடவையும் காலி உருளையைப் போட்டுட்டுப் போவான். எதுக்கு வீணாக்கணும்? அந்தத் தொப்பிங்கதான் கொட்டகையில கிடந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணித் தூக்கிப் போட்டேன்."

"எல்லாம் எப்போ வெச்ச செடி?"

"இது போன வருஷம் புனித வாரம். அது என் மகளுக்கு நிச்சயம் ஆனப்போ. இந்த ஓரத்துல இருக்கறது மாதா திருவிழாவுக்கு. இந்த வருஷம் அந்த அறையையே மாத்திட்டாங்க, எனக்குத் தொட்டி வரத்து நின்னு போச்சு."

"ஒரு தொட்டிக்குப் பதினஞ்சு மாடு" என்றாள் ஸீனியா. "தலைவரே, உங்க வாசல்ல ஒரு மந்தையே பூத்திருக்கு."

தோன் எலியேசெர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அம்மா என்கிற மரியாதையில் தோன்யா போட்டே பேசினார். "அது போகட்டும், தோன்யா. பழைய கதை. குளத்தைப் பாருங்க. மூடி போட்டாச்சு. உலையில இப்போ பாதி விறகுதான். போய் மோந்து பாருங்க, வாசமே வராது."

போய் மோந்து பார்த்தாள். இரண்டு ஏக்கர் குளத்தின் மேல் கறுப்புத் தார்ப்பாய் மெத்தைபோல உப்பியிருந்தது. குழாயில் காதை வைத்துக் கேட்டாள். உலையருகே போய், நீலச் சுடரை வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"நல்ல வேலை. இந்தப் பள்ளத்தாக்குல இவ்வளவு நல்லா மூடின குளத்தை நான் பார்த்ததில்ல."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். போன வருஷக் கணக்குலதான் பார்க்கல. அதுல அலங்காரக் குளம்னு ஒண்ணு இருக்கு. புகை இல்லைன்னு போட்டிருக்கீங்க. இல்லாத புகைக்கு எப்படி மூடி போட்டீங்க?"

அவர் குளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளே சொன்னாள்:

"ஒரு ஆள் குண்டு. முதல் நாள் தராசுல ஏறாமலேயே, நான் ஒல்லின்னு எழுதிக் குடுத்துட்டான். அப்புறம் வருஷம் பூரா வாயைக் கட்டி நிஜமாவே இளைச்சுட்டான். இப்போ தராசுல ஏத்தினா என்ன காட்டும்? எழுதிக் குடுத்ததை விட ஏறித்தான் காட்டும். நீங்க உண்மையிலேயே பாதிக்கு மேல இளைச்சிருக்கீங்க, தலைவரே. ஆனா தாள்ல பெருத்திருக்கீங்க."

வழி ஒன்றுதான். போன வருடக் கணக்கைத் திறந்து, ஒளித்ததையெல்லாம் அதில் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் இந்த வருட எண் அதில் பாதிக்கும் கீழே போய்விடும். அவர் வாக்கு நிற்கும். ஆனால் சேர்ப்பதென்றால், போன வருடம் சொன்னது பொய் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று சொல்ல வேண்டும். அதை அக்கரைக்காரர்கள் மாலைக்குள் கேட்டுச் சிரிப்பார்கள்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள். "நான் அதுக்குள்ள மத்தவங்க ஒளிச்சதைத் தேடறேன்."

தேடவே வேண்டியிருக்கவில்லை. பழைய கணக்கு பெரிதானால்தான் நல்லது என்ற சேதி மதியத்துக்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. போன வருடம் அத்தனை பேரும் புனிதர்களாக இருந்த இடத்தில் இப்போது பாவிகள் வரிசை கட்டி நின்றார்கள். விறகு அடுக்குகிறவர், தான் எரித்த விறகைப் பாதியாகத்தான் சொன்னேன் என்று வந்தார். ஓதிலி, ஆலை கேஸ் சிலிண்டர் கிறிஸ்துமஸுக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். லாரி ஓட்டும் வில்பெர்த், ஊர்க் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பரும் அவன்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

"போன வருஷம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆட்டத்துக்கு டீமை ஆலை லாரியிலதான் ஏத்திட்டுப் போனேன், தோன்யா. மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும். எழுதிக்கோங்க."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆமா. ஒண்ணு விடல."

"முதல் சுத்துலயே உங்களை அடிச்சு வெளியே அனுப்பிட்டாங்களே. மீதி ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க, அழறதுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வில்பெர்த் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு ஆட்டம்தான்" என்றான். அவள் இரண்டு ஆட்டத்தை எழுதிக்கொண்டாள்.

"செஞ்சதை மட்டும் சொல்லுங்க. செய்யாததை எல்லாம் என்கிட்ட கொண்டுவந்து கொட்டாதீங்க. நான் பாதிரியாரும் இல்ல, குப்பை வண்டியும் இல்ல."

இதுதான் ஸீனியாவின் பிடிவாதம். குறைத்துச் சொன்னால் எப்படி விடமாட்டாளோ, கூட்டிச் சொன்னாலும் விடமாட்டாள். பொய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தராசுக்கு ஒன்றுதான். ஒருமுறை ஒரு ஹோட்டல் முதலாளி, தன் நீச்சல்குளத்தை அவள் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொல்லி, கணக்கைக் கிண்டல் செய்தார். அவள் எழுந்துபோய்க் குளத்தில் கை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்கு. சுட வைக்காததுக்குக் கணக்கு கிடையாது. உங்க விருந்தாளிங்கதான் பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை வந்தவள், ஆலை வாசலில் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். ஜெரேனியம் வரிசை இரு பக்கமும் நீண்டிருந்தது. முந்தின நாளைவிட நான்கு தொட்டிகள் அதிகம். அதே வெளிர்பச்சை, அதே உருண்டை. செடிகளும் நன்றாகவே பூத்திருந்தன.

தோன் எலியேசெர் வாசலிலேயே காத்திருந்தார். "நேத்து இந்தப் பக்கம் கவனிக்காம விட்டுட்டோம்" என்றார்.

அவள் வரிசையோடு நடந்தாள். கடைசித் தொட்டியருகே குந்தினாள். செடியின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தூக்கினாள். ஒரு முனகலும் இல்லாமல் செடி மண்ணோடு கையில் வந்துவிட்டது. வேர் எதையும் பற்றியிருக்கவில்லை. நர்சரிப் பையின் அச்சு மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. அவள் செடியை வாஞ்சையோடு திரும்பவும் தொட்டியில் வைத்து, மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பாவம், ஊருக்குப் புதுசு" என்றாள். "தண்ணி ஊத்துங்க, பிழைச்சுக்கும்."

பிறகு அவருடைய கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் கறுப்பு மண். அவர் கைகளைச் சட்டைப் பைகளில் வைத்துக்கொண்டார்.

"ஃபிரிட்ஜ் பட்டறையில கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். "நாலு தொட்டி. கூட ரெண்டு மந்தை இருந்தா, பழசு இன்னும் பெருசா தெரியும். இந்த வருஷம் இன்னும் சின்னதா தெரியும். ஒத்துக்கிறதுதான் ஒத்துக்கிறோம், பெருசா ஒத்துக்கிட்டா என்ன?"

"அது ஒத்துக்கிறது இல்ல. போன வருஷம் செஞ்சதையே திருப்பிப் போட்டுச் செய்யறீங்க."

"சனிக்கிழமை அவங்க என்னை இறக்கிடுவாங்க, தோன்யா. அந்தக் குளத்தை மூடினது நான். அடுத்து வர்றவன் தார்ப்பாயைப் பிரிச்சு வித்துடுவான். லாபத்தைப் பங்கு போட்டுத் தர்றேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேக்கறான்." கைகளைப் பைகளிலிருந்து வெளியே எடுத்தார். "எனக்கு நாற்காலி போனா போகட்டும். குளம் போகக் கூடாது."

ஸீனியா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "உங்க நிஜமே போதும், தலைவரே. அலங்காரம் வேண்டாம். ஏற்கெனவே ஒரு அலங்காரக் குளம் வெச்சுப் பட்டது போதாதா?"

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. பழம் பறிக்கும் கூடைகளை மறந்து இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்த பெண்கள், பூட்ஸ் சேற்றோடு வந்த ஆண்கள், ஓதிலியின் காபி மணம். மேடைக்கு மேலே பேனர். மேடை ஓரத்தில் சின்ன மேசையில் ஸீனியா தன் தாள்களோடும் கொக்கித் தராசோடும் உட்கார்ந்திருந்தாள். தராசை எதற்கு எடுத்துவந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

தோன் எலியேசெர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "முடிஞ்சுதா? குடுங்க, படிச்சுடறேன்."

"ஒரு வரி பாக்கி."

"எது?"

"குப்பை."

"குப்பையைத்தான் அன்னிக்கே எடை போட்டீங்களே."

"ஒண்ணு மேல தொங்குதே." அவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள். "பிளாஸ்டிக். அது இங்கயே இருக்கப் போகுதா, குப்பைக்குப் போகுதான்னு நீங்கதான் சொல்லணும். இருக்கும்னா எனக்கு ஒண்ணும் இல்ல. மேல ஒரு எண் தொங்கட்டும், கீழ ஒரு எண்ணைப் படிங்க. எது நிஜம்னு அவங்களே யோசிச்சுக்குவாங்க."

அவர் பேனரைப் பார்த்தார். அதிலிருந்த அவர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் காபியை உறிஞ்சுவதை நிறுத்தியது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வில்பெர்த் ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டான். நாற்காலி மேல் ஏறி, முதல் முடிச்சை அவிழ்த்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "தலைவரே, பார்த்து, இறங்கிடாதீங்க" என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

இரண்டாவது முடிச்சு இறுகியிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அவர் பேசினார்.

"போன வருஷம் நான் சொன்ன எண் தப்பு." முடிச்சு அவிழவில்லை. "தப்புன்னா, தெரியாம வந்ததில்ல. குளத்தை ஒளிச்சேன். குளிர் அறையை ஒளிச்சேன். அக்கரைக்காரனை விடச் சின்னதா இருக்கணும்னு." முடிச்சு அவிழ்ந்தது. பேனர் ஒரு பக்கமாகச் சரிந்து, அவருடைய முகம் தலைகீழாகத் தொங்கியது. "இந்த வருஷத்து எண் இவங்க போட்டது. அதுல என் கை இல்ல. அதைப் படிக்கிறேன், அப்புறம் நீங்க செய்யறதைச் செய்யுங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் இறங்கினார். பேனரைத் தரையில் விரித்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, கயிற்றால் கட்டினார். அவரே மேசைக்குக் கொண்டுவந்து, அவரே தராசின் கொக்கியில் மாட்டினார். முள் ஆடியது. ஸீனியா காத்திருந்தாள். அவரும் குனிந்து, முள் நிற்கும்வரை அசையாமல் காத்திருந்தார்.

அவள் எண்ணைக் கடைசி வரியில் எழுதினாள். கூட்டினாள். ஒருமுறை சரிபார்த்தாள். பக்கங்களை அடுக்கி, முனையைத் தட்டி, அவரிடம் நீட்டினாள்.

தோன் எலியேசெர் இரண்டு கைகளையும் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டார்.